மூடிய கண்ணாடிப் பெட்டியில் குட்டி ஆர்க்கிட்: ஏன் அழுகுகிறது, எப்படி வளர்ப்பது?

கேள்வி: மூடிய டெரேரியத்தில் பாசியும் பெரணியும் ஃபிட்டோனியாவும் செழிப்பாக வருகின்றன. அதே பெட்டியில் வைக்கும் குட்டி ஆர்க்கிட்கள் மட்டும் 2 மாதத்துக்குள் வேர் அழுகி, இலை உதிர்ந்து போய்விடுகின்றன. ஈரப்பதம் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. மூடிய பெட்டி ஆர்க்கிட்டுக்கு ஒத்துவராதா?

பதில்:

ஒத்துவரும். சில இனங்களை மூடிய பெட்டியைத் தவிர வேறெங்கும் வீட்டுக்குள் வளர்க்க முடியாது. ஆனால் ஈரப்பதம் 95க்குக் கீழே இறங்குவதே இல்லை என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

குட்டி ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை மரக்கிளையிலும் சுள்ளியிலும் ஒட்டி வளர்பவை. லெப்பாந்தஸ், பிளாட்டிஸ்டீலி, மாஸ்டிவேலியா, ரெஸ்ட்ரீப்பியா போன்றவை மத்திய, தென் அமெரிக்க மேகக்காடுகளின் செடிகள். அங்கே பனிமூட்டம் வந்து வேரை நனைக்கும், பிறகு காற்று வந்து சில மணி நேரத்தில் அதை உலர்த்தும். ஒரே நாளில் இது இரண்டு மூன்று முறைகூட நடக்கும். கண்ணாடிப் பெட்டி இதில் முதல் பாதியைத் தருகிறது, இரண்டாம் பாதியைப் பறித்துவிடுகிறது. பாசிக்கும் பெரணிக்கும் அது பெரிய விஷயமில்லை. ஆர்க்கிட் வேருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஏன் என்பதை வேரைக் கிட்டத்தில் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். காய்ந்த வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். ஒரு துளி தண்ணீர் விட்டால் ஒரு நிமிடத்துக்குள் அந்த இடம் பச்சையாகிவிடும். வெளியே தெரியும் அந்த வெண்மை வெலாமென் எனும் உறை. அது செத்த செல்களால் ஆனது, பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செல்கள் காலியாக இருக்கும்போது உள்ளே காற்று நிற்கிறது, வேர் சுவாசிக்கிறது. எப்போதும் நிறைந்தே இருந்தால் உள்ளிருக்கும் உயிருள்ள திசுவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. பழுப்பாகி, அழுத்தினால் வழவழவென்று உறை கழன்று, நடுநரம்பு மட்டும் நூலாக மிஞ்சும். உங்கள் செடிகளின் வேர் அப்படித்தான் இருக்கிறது என்றால் காரணம் நோய்க்கிருமி அல்ல, மூச்சுத்திணறல். கிருமி பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது.

இலைப்பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. காற்று 100 சதவீதம் ஈரமாக இருந்தால் இலையிலிருந்து நீர் ஆவியாகாது. நீரோட்டம் நின்றால் அதோடு ஏறிவர வேண்டிய கால்சியம் இளங்குருத்துக்குப் போகாது. புது இலை நுனி கறுத்தபடியே விரிகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உரத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

ஆகவே "மூடிய" என்பதை முழுக்க அடைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 45 செ.மீ. அகலப் பெட்டி என்றால் முன்கதவுக்குக் கீழே 3 முதல் 5 மி.மீ. இடுக்கு, மேற்கூரையின் பின்பக்கம் 2 செ.மீ. அகலத்தில் வலை. இவ்வளவு போதும். விளக்கின் சூட்டில் மேல்காற்று வெளியேற, கீழிருந்து புதுக்காற்று மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். வீட்டுக்காற்று மிகவும் வறண்டிருந்தால் மேல்வலையைக் கண்ணாடிப் பட்டையால் முக்கால்வாசி மூடிவிடலாம். நமக்கு வேண்டியது பகலில் 75 முதல் 85, இரவில் 90க்கு மேல். காலையில் முன்கண்ணாடியில் மூட்டம் இருந்து, விளக்கு எரியத் தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிட வேண்டும். மாலைவரை தெளியவே இல்லையென்றால் இடுக்கைப் பெரிதாக்குங்கள்.

இந்த எண்களைக் காட்டும் மலிவான ஈரமானிகள் 90க்கு மேல் பெரும்பாலும் உளறும். சோதிப்பது எளிது. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, குழம்பாகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பைக்குள் 12 மணி நேரம் வையுங்கள். சாதாரண அறைச் சூட்டில் அது 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அவ்வளவையும் ஒவ்வொரு முறையும் கழித்தோ கூட்டியோ கொள்ளுங்கள்.

அடுத்தது விசிறி. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கணினிக்குள் போடும் 40 மி.மீ. விசிறி, 12 வோல்ட் வகை, 5 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் மெதுவாகச் சுற்றும். சில விசிறிகள் 5 வோல்ட்டில் தானாகக் கிளம்பாது, வாங்கியதும் சோதித்துவிட வேண்டும். ஈரம் தாங்கும் ஐபி67 தரம் என்றால் நீண்ட நாள் உழைக்கும். சாதாரண விசிறி சில மாதங்களில் துருப்பிடித்துக் கத்த ஆரம்பிக்கும். பெட்டியின் மேல்மூலையில் பொருத்தி, செடிமேல் நேராக அடிக்காமல் முன்கண்ணாடியை ஒட்டிக் காற்று ஓடும்படி திருப்புங்கள். கண்ணாடியில் மோதிக் கீழிறங்கும் காற்று பெட்டி முழுக்கச் சுற்றிவரும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழித்து நாலைந்து இடங்களில் தொங்கவிட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் தாள் லேசாக ஆட வேண்டும், படபடக்கக் கூடாது. பகலில் தொடர்ந்தும், இரவில் மணிக்கு 15 நிமிடமும் ஓடினால் போதும். அடாப்டர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். ஒயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் அதில் வழியும் நீர் அடாப்டர்வரை போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

பெட்டியின் அளவு பற்றி: 45×45×60 செ.மீ., முன்கதவு கொண்டது, தொடங்குவதற்கு வசதி. சிறிய ஜாடியில்தான் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மை அதற்கு நேர்மாறு. காற்றளவு குறையக் குறைய சூடும் ஈரமும் சட்டென்று ஏறி இறங்கும், விசிறிக்கும் இடம் இருக்காது. 5 லிட்டர் ஜாடிதான் இருக்கிறது என்றால் லுடிசியா டிஸ்கலர், மகோடஸ் பெட்டோலா போன்ற இலையழகு ஆர்க்கிட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவை காட்டுத்தரையில் இலைமக்கில் படர்பவை, காற்றோட்டக் குறைவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அங்கும் வாரத்துக்கு 2 முறை அரைமணி நேரம் மூடியைத் திறந்து வைக்க வேண்டும்.

அடித்தளத்தில் மண் வேண்டாம். குழல்விளக்குச் சட்டத்தில் வரும் பிளாஸ்டிக் கட்டத்தட்டை அளவுக்கு வெட்டி, 4 செ.மீ. உயர பிவிசி குழாய்த் துண்டுகளின்மேல் நிறுத்துங்கள். அதன்மேல் கொசுவலை, அதன்மேல் 2 செ.மீ. கனத்துக்குப் பாசியோ இலைமக்கோ. வழியும் நீர் எல்லாம் கீழே தேங்கும், மேல் அடுக்கு அதில் முங்காது. மூலையில் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால், மெல்லிய டியூபை உள்ளே விட்டுத் தேங்கிய நீரை உறிஞ்சி எடுக்கலாம். ஜாடியானால் சுட்ட களிமண் உருண்டைகள் 3 செ.மீ. போதும். கரி அடுக்கு போட வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளிலும் எழுதியிருக்கும். போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் அது பிடித்துவைக்கும் திறன் சீக்கிரம் தீர்ந்துவிடும். கெட்டுப்போன தண்ணீரைக் கரி காப்பாற்றாது.

பின்சுவருக்குக் கார்க் பட்டை சிறந்தது. சிலிக்கானால் ஒட்டினால் ஒரு வாரமாவது ஆறவிட்டு, வாடை முழுக்கப் போன பிறகே செடி வையுங்கள். பாசி, சின்னப் பெரணி, ஸ்பிரிங்டெயில் பூச்சிகள் இவற்றை முதலில் விட்டு, ஆர்க்கிட் இல்லாமலேயே 4 வாரம் பெட்டியை ஓட்டுங்கள். புது மரத்துண்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம் இந்தக் காலத்தில்தான் பொங்கும், ஸ்பிரிங்டெயில்கள் அதைத் தின்று தீர்க்கும். விளக்கு, விசிறி, ஈரம் எல்லாவற்றின் அளவையும் செடி எதுவும் சாகாமல் சரிசெய்துகொள்ளவும் இதுவே சமயம்.

வெளிச்சம் வெள்ளை எல்ஈடி, 5000 முதல் 6500 கெல்வின், நாளுக்கு 12 மணி நேரம். 45×45 பரப்புக்கு 15 முதல் 20 வாட் போதும். கைப்பேசி செயலியில் அளந்தால் செடி இருக்கும் இடத்தில் 4000 முதல் 7000 லக்ஸ் வர வேண்டும். இலையழகு வகைகளுக்கு 1500 முதல் 3000 போதும். விளக்கு கூரைக் கண்ணாடிக்கு மேலே, 2 செ.மீ. இடைவெளி விட்டு இருக்கட்டும். இலை சிவந்து ஊதா ஏறினால் வெளிச்சம் அதிகம். கரும்பச்சையாக நீண்டு தொங்கினால் குறைவு. சன்னல் வெயில் மட்டும் வேண்டவே வேண்டாம். நேர்வெயில் படும் மூடிய பெட்டி அரைமணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். அன்று மாலை பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2 நாள் கழித்து எல்லா இலையும் ஒன்றாக ஒளிபுகும்படி வெந்துபோயிருக்கும்.

எந்தச் செடி என்பதை உங்கள் அறையின் சூடுதான் முடிவுசெய்யும், ஆசை அல்ல. விளக்கு எரியும்போது பெட்டி, அறையைவிட 2, 3 டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெட்டிக்குள் பகலில் 28, இரவில் 20 முதல் 23 என்றால்: ஹாரெல்லா ரெட்ரோகாலா (தைவான் செடி, 5 செ.மீ.க்குள் அடங்கும், செடியளவுக்கே மஞ்சள் பூ), ஸ்கோனார்கிஸ் ஃபிராக்ரன்ஸ், ஸ்பெக்லினியா குரோபியி, லெப்பாந்தஸ் டெலிபோகோனிஃபுளோரா. கடைசியாகச் சொன்னது கொலம்பியாவின் தாழ்நிலச் செடி, லெப்பாந்தஸ் இனங்களில் சூட்டைத் தாங்கும் வெகுசிலவற்றில் ஒன்று. ஆனால் ஒரு நாள் வறண்டாலும் போய்விடும், முதல் செடியாக வாங்காதீர்கள். பகலில் 25, இரவில் 16 முதல் 18 வரை இறங்கும் இடம் என்றால் ரெஸ்ட்ரீப்பியா, டிரையடெல்லா, பிளாட்டிஸ்டீலி, பார்போசெல்லா எல்லாம் வரும். மாஸ்டிவேலியாவின் மலையுச்சி இனங்கள், டிராகுலா, நியூகினியின் டென்ட்ரோபியம் கத்பெர்ட்சோனியி இவற்றுக்கு இரவில் 12, 13 டிகிரி வேண்டும். குளிரூட்டும் கருவி இல்லாமல் இவற்றை வாங்குவது செடியைக் கொல்வதற்குக் காசு கொடுப்பது.

படத்தில் பார்த்து வாங்கித் தோற்பவை வேறு சில. குட்டி ஃபெலனாப்சிஸ் அளவில் சிறிதுதான், ஆனால் அதன் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் ஓரிரு நாளில் அழுகிவிடும். டோலும்னியா, குட்டி கேட்லியா இரண்டும் நிறைய வெளிச்சமும் வேகமாக உலர்வதும் கேட்பவை. மூன்றையும் திறந்த இடத்தில் வையுங்கள், நன்றாக வரும்.

கட்டும் முறைக்கு வருவோம். 5×8 செ.மீ. கார்க் துண்டில் துளை போட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி மாட்டுங்கள். செம்புக் கம்பி வேண்டாம், ஈரத்தில் கசியும் செம்பு வேருக்கும் பாசிக்கும் நஞ்சு. ஊறவைத்துப் பிழிந்த ஸ்ஃபேக்னம் பாசியை 3 முதல் 5 மி.மீ. கனத்தில், பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாகப் பரப்பி, அதன்மேல் செடியை வைத்து வேரை விரித்துவிடுங்கள். இலைக்காம்புகள் கிளம்பும் அடித்தண்டு பாசிக்கு மேலேதான் இருக்க வேண்டும். பலரும் செடி விழுந்துவிடுமோ என்று அதையும் புதைக்கிறார்கள், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். 0.2 மி.மீ. தூண்டில் நரம்பால் இரண்டு சுற்று, ஆடாத அளவு இறுக்கம். பருத்தி நூல் வேர் பிடிக்கும் முன்பே மக்கிவிடும். 6 முதல் 8 வாரத்தில் புது வேர் கார்க்கைப் பற்றியதும் நரம்பை வெட்டிவிடலாம்.

செடியை முதல் நாளே பின்சுவரில் நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். பெட்டியின் மேல்பகுதி சூடு, வெளிச்சம், சீக்கிரம் உலரும். கீழ்ப்பகுதி குளிர்ச்சி, நிழல், எப்போதும் ஈரம். விசிறிக்கு எதிர்மூலை எப்போதும் சற்று மந்தம். கொக்கியில் தொங்கும் துண்டை இடம் மாற்றி மாற்றிப் பார்த்து, புது இலை முந்தைய இலையைவிடப் பெரிதாக வரும் இடத்தில் விட்டுவிடுங்கள். நோய் வந்தாலும் ஒன்றை மட்டும் வெளியே எடுக்க இதுவே வழி.

தண்ணீர் மழைநீராகவோ ஆர்ஓ நீராகவோ இருக்கட்டும், டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 50 பிபிஎம்முக்குக் கீழே. மூடிய பெட்டியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. உள்ளே ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து சுத்த நீராகத் திரும்புகிறது, உப்பு மட்டும் பாசியிலேயே தங்கி நாளுக்கு நாள் கூடுகிறது. தொட்டியில் வளரும் செடிக்கு உப்பை அலசிவிடலாம், இங்கே வெளியேற வழியில்லை. அதனால் அடித்தளத்தில் தேங்கியதை மாதம் ஒருமுறை உறிஞ்சிக் கொட்டுங்கள். அதன் டிடிஎஸ்ஸையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 200ஐத் தாண்டினால் 2 வாரத்துக்கு உரத்தை நிறுத்தி, வெறும் நீரைத் தாராளமாக ஊற்றி அலசி எடுங்கள்.

தெளிக்கும் நேரம் காலை, விளக்கு எரிந்தவுடன். கார்க் துண்டு நன்றாக நனையட்டும். 2 மணி நேரத்தில் இலை காய்ந்து, மாலையில் பாசி தொட்டால் ஜில்லென்று, அழுத்தினால் சொட்டாமல் இருக்க வேண்டும். விசிறி ஓடும் பெட்டியில் இதற்குத் தினமும் ஒருமுறை தேவைப்படும். விசிறி இல்லையென்றால் 2, 3 நாளுக்கு ஒருமுறைதான். இரவில் தெளிக்கவே கூடாது. புகைபோல் மூட்டம் விடும் அல்ட்ராசோனிக் கருவி பார்க்க அழகு, அவ்வளவுதான். அது ஈரப்பதத்தைக் கூட்டும், வேரை நனைக்காது.

உரம் மிகமிகக் குறைவு. 20 சதவீத நைட்ரஜன் உள்ள கரையும் உரம் என்றால் லிட்டருக்கு 0.15 கிராம், 2 வாரத்துக்கு ஒருமுறை. அவ்வளவு சிறிய எடையை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. 15 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்து இருட்டில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து 10 மி.லி. எடுத்து 1 லிட்டராக்கித் தெளியுங்கள். ஆர்ஓ நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கிட்டத்தட்ட இல்லை, அவை சேர்ந்த உரமாகப் பார்த்து வாங்குங்கள். கால்சியம் நைட்ரேட்டைத் தனியாக வாங்கினால் மற்ற உரத்தின் அடர்கரைசலோடு கலக்கக் கூடாது, சுண்ணாம்புபோல் படிந்து இரண்டும் வீணாகும்.

இனி கெட்டுப்போகும் விதங்கள். இலையில் நீர் கோத்தாற்போல் கரும்புள்ளி தோன்றி ஒரே நாளில் பரவினால் அது பாக்டீரியா. அந்த இலையை நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டி, கத்தரியைச் சுடரில் காட்டி, செடியை வெளியே எடுத்து 3, 4 நாள் காற்றோட்டத்தில் வையுங்கள். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தொடலாம், வேரில் படக்கூடாது. செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியைப் பெட்டிக்குள் அடித்தால் பாசி மொத்தமும் போகும். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் சூடா வறட்சியா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எங்கோ ஒரு மூலையில் அழுகும் இலை எத்திலீன் வாயுவை விடுகிறது, பெட்டி அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. உதிர்ந்த இலையையும் வாடிய பூவையும் உடனே எடுத்துவிடுவது இதனால்தான். பாசிமேல் கரும்பச்சை வழவழப்பு படர்ந்தால் அந்த இடம் உலர்வதே இல்லை, உரமும் அதிகம். பாசியைப் புதிதாக மாற்றாமல் அது போகாது. பாசி நன்றாக வளர்வதும் ஒரு தொல்லைதான். 3 செ.மீ. செடியை அது சத்தமில்லாமல் மூடிவிடும், மாதம் ஒருமுறை கத்தரியுங்கள்.

வேர்நுனியும் மொட்டும் கடிபட்டு, வேறெந்தத் தடயமும் இல்லையென்றால் 5 மி.மீ. கூட இல்லாத குட்டி நத்தைகள். விளக்கணைந்து 2 மணி நேரம் கழித்து டார்ச்சோடு பாருங்கள். இரவில் வெள்ளரித் துண்டு வைத்துக் காலையில் நத்தையோடு எடுப்பதை 2 வாரம் விடாமல் செய்தால் எண்ணிக்கை குறையும், முழுக்க ஒழிவது அரிது. ஆகவே புதுச்செடி எதையும் 4 முதல் 6 வாரம் தனிப்பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டே உள்ளே விடுங்கள், பழைய பாசியை உதறிவிட்டு. ஈரமண்ணில் பறக்கும் சின்னக் கரும்பூச்சிகள் முதிர்ந்த செடிக்கு அதிகம் கெடுதல் செய்யாது. லெப்பாந்தஸ் பூவுக்கு மகரந்தம் கடத்துவதே காட்டில் இந்த வகைப் பூச்சிதான். பூ, பெண்பூச்சிபோல் தன்னைக் காட்டி ஆண்பூச்சியை ஏமாற்றுகிறது என்று கோஸ்டா ரிகாவின் ஓர் இனத்தில் 2005இல் பதிவானது.

பூ வாடியதும் காம்பை வெட்டும் பழக்கத்தை விடுங்கள். லெப்பாந்தஸ், ரெஸ்ட்ரீப்பியா, பிளாட்டிஸ்டீலி எல்லாம் ஒரே இலையின் அடியிலிருந்து திரும்பத் திரும்பப் பூக்கும். ரெஸ்ட்ரீப்பியாவில் காம்போடு உதிர்ந்த இலையைக்கூட ஈரப்பாசியில் செருகி வைத்தால், அதன் அடியிலிருந்து சில மாதங்களில் குட்டிச்செடி வரும். நல்ல செடியிலும் திடீரென்று பல குட்டிகள் ஒன்றாக முளைத்தால் மகிழ வேண்டாம், வேர் போய்விட்டதா என்று பாருங்கள்.

வாங்கும்போது ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்ததா, பிரித்து நட்டதா என்று கேளுங்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது, நாடு தாண்டி வரும் செடிக்குச் சான்று வேண்டும். காட்டிலிருந்து பிய்த்து வந்தவை உடைந்த வேரோடும் நத்தை முட்டையோடும் வருகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, அவை பிழைப்பதும் அபூர்வம்.

இப்போது உங்கள் பெட்டியில் மிச்சமிருப்பவற்றுக்கு: வெளியே எடுத்து, பழுப்பு வேரை எல்லாம் வெட்டி, பழைய பாசியை எறிந்துவிட்டு, வெறும் கார்க்கில் மெல்லிய புதுப்பாசியோடு கட்டுங்கள். மூடி லேசாகத் திறந்த பிளாஸ்டிக் டப்பாவில், நிழலில், உரமில்லாமல் வையுங்கள். பாசி உலரப்போகும்போது மட்டும் தெளியுங்கள். பச்சை நுனியோடு புது வேர் 1 செ.மீ. நீண்ட பிறகு, விசிறி போட்ட பெட்டியின் மேல்பாதிக்கு மாற்றலாம். இலை இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும் அடித்தண்டு கெட்டியாகப் பச்சையாக இருந்தால் முயன்று பாருங்கள். தண்டே பழுத்துவிட்டது என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.